இதயமாற்று: பழகிய ஆஸ்பத்திரி, பழகாத ஆஸ்பத்திரி – பார்த்ததைச் சொல்லுங்கள்

இதய ஐசியூ செவிலியர்:
இதயமாற்று முடிந்த இரண்டாம் நாள் இரவு, நோயாளியின் நாடி 50க்குக் கீழே இறங்கிவிட்டது. நாடியை ஏற்றும் அட்ரோபின் ஊசி போடச் சொன்னார்கள், போட்டாயிற்று. மானிட்டரில் எண் அசையவில்லை. எப்படி அசையும்? இதயத்தின் வேகத்தைக் குறைக்கும் வேகஸ் நரம்பைத் தடுத்துத்தான் அட்ரோபின் வேலை செய்யும்; தானம் தருபவரிடமிருந்து இதயத்தை எடுக்கும்போதே அந்த நரம்பு அறுந்துவிடுகிறது. பழகிய யூனிட்டில் பேஸிங் வயரை (இதயத்தை மின்சாரத்தால் துடிக்கவைக்கும் கம்பி) அதன் பெட்டியோடு மாட்டியே வைத்திருப்பார்கள், இதயத்தை நேரடியாக வேகப்படுத்தும் ஐசோப்ரினலின் மருந்து பம்பில் தயாராக இருக்கும். இங்கே வயர் இருந்தது, பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பெர்ஃப்யூஷனிஸ்ட் (ஆபரேஷனில் இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்குபவர்):
சிஸ்டர் சொன்னது சரி. ஆனால் எல்லோரும் வருடத்துக்கு எத்தனை ஆபரேஷன் என்று மட்டும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் புதிய மையம் மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டின் அங்கீகாரம் வாங்க 12 மாதத்தில் 10 இதயமாற்று செய்திருக்க வேண்டும். எண்ணிக்கை அவசியம்தான், ஆனால் சர்ஜன் வேறு ஊரில் செய்த கணக்கு இந்த ஊர் நைட் டியூட்டிக்கு உதவாது. தானம் தருபவரின் அயோர்டாவில் (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) கிளாம்ப் போட்டு ரத்தத்தை நிறுத்தியதிலிருந்து 4 மணி நேரத்துக்குள் இங்கே அந்த இதயத்தில் ரத்தம் ஓட வேண்டும். நோயாளிக்கு முன்பே பைபாஸ் ஆகியிருந்தால் நெஞ்செலும்பின் கீழ் எல்லாம் ஒட்டிக்கிடக்கும், பிரிக்கவே நேரம் பிடிக்கும். அதைக் கணக்கிட்டு முன்கூட்டியே மயக்கம் கொடுக்காவிட்டால் இதயம் வந்து ஐஸ் பெட்டியில் காத்திருக்கும். ஐஸ் நேரடியாகப் பட்டால் தசை உறைந்து கெடும், அதனால்தான் பைக்குள் பையாகப் போட்டுக் கட்டுகிறோம்.

டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டர்:
சார், தியேட்டரோடு நிறுத்திவிட்டீர்கள். வீட்டுக்குப் போனபிறகு கெடுவதையும் பாருங்கள். ஒரு நோயாளிக்கு டிபி என்று வெளியே ரிஃபாம்பிசின் மருந்தை ஆரம்பித்தார்கள், உடல் புது இதயத்தை நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு ரத்தத்தில் தரைமட்டமாகி பயாப்ஸியில் (இதயத் தசைத் துணுக்குச் சோதனை) 2ஆர், அதாவது மிதமான நிராகரிப்பு. ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதியைத் தூண்டி டாக்ரோலிமஸைச் சீக்கிரம் கரைத்துவிடும். பழகிய டீம் அந்த நொதியைக் குறைவாகத் தூண்டும் ரிஃபாபுடினை யோசிக்கும், அளவை அடிக்கடி பார்க்கும். ரிஃபாம்பிசினை நிறுத்தும்போது ஆபத்து தலைகீழாகத் திரும்பும். ஏற்றிய டோஸைக் குறைக்காவிட்டால் அளவு எகிறி சிறுநீரகம் அடிபடும். ஃப்ளூகோனசோல், வோரிகோனசோல் போன்ற பூஞ்சை மருந்து கொடுத்தாலும் இதே மாதிரி ஏறும்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். டாக்ரோலிமஸ் அளவு பார்க்க ரத்தம் எடுக்கும் நாளில் காலை மாத்திரையைப் போட்டுவிட்டு வராதீர்கள், முந்தைய டோஸுக்கு 12 மணி நேரம் கழித்து எடுத்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. மாத்திரையைக் கையோடு கொண்டுவந்து, ரத்தம் கொடுத்ததும் போடுங்கள். முதல் மாதங்களில் பெரும்பாலும் அளவை மில்லிலிட்டருக்கு 10–15 நானோகிராம் வைத்திருப்பார்கள். ஆஸ்பத்திரி தேடுகிறவர்கள் மூன்று கேள்வி கேளுங்கள்: டாக்ரோலிமஸ் ரிப்போர்ட் அன்றே வருமா, பயாப்ஸி ஸ்லைடை யார் படிக்கிறார், ராத்திரி காய்ச்சல் வந்தால் போனை எடுப்பது யார்.

இதய ஐசியூ செவிலியர்:
நாலாவதாக, பேஸிங் பெட்டி எத்தனை இருக்கிறது என்றும் கேளுங்கள்.