‘இறுக்கிய உரை’, ‘பக்கங்காட்டி’: இஸட்லெஸ் விளக்கவரிக்கான சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

லினக்ஸ் கணினிகளில், குறைந்த இடம் பிடிக்கும்படி ‘கம்ப்ரெஸ்’ செய்து வைத்த உரைக்கோப்பைப் படிக்க உதவும் இஸட்லெஸ் கட்டளையின் கையேட்டுப் பக்கத்தில் பெயருக்கு அடுத்து நிற்கும் ஒற்றை வரி விளக்கத்தைத் தமிழாக்கும் பொறுப்பை ஏற்றபோது, ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும் என்றே எண்ணினேன். ஆங்கில மூலத்தில் இருப்பவை ஒன்பது சொற்கள்; ‘கம்ப்ரெஸ்’ செய்த உரையை எதிர்மின்கதிர்க் குழாய்த் திரையில் காண்பதற்கான, கோப்பைப் பார்வையிடும் வடிகட்டி என்பது அவற்றின் பொருள். அவற்றுள் இரண்டு கருத்துகளுக்கு நாம் இன்னும் ஒருமித்த சொல் வைத்திருக்கவில்லை. ஒன்று ‘கம்ப்ரெஸ்’ செய்யப்பட்ட உரை. மற்றொன்று உரையைத் திரை திரையாக நிறுத்திக் காட்டும் ‘பேஜர்’ என்னும் கருவி.

முதற்சொல்லுக்கு நம்மிடையே பெருவழக்காக இருப்பது ‘சுருக்கிய’ என்பதே. படங்களுக்கும் ஒலிக்கோப்புகளுக்கும் அது பொருந்தலாம். உரைக்கு அதைப் பயன்படுத்துவதை நான் உறுதியாக எதிர்க்கிறேன், ஏனெனில் ‘சுருக்கிய உரை’ என்று படிக்கும் எந்தத் தமிழரும் ஒரு நீண்ட உரையின் சாரத்தை மட்டும் எடுத்துத் தந்திருக்கிறார்கள் என்றே கொள்வார். இஸட்லெஸ் காட்டும் கோப்புகளை ‘கம்ப்ரெஸ்’ செய்து தரும் ஜிஸிப் செய்வது அதற்கு நேர்மாறானது. 1992-இல் ஜான்-லூப் கெய்லியும் மார்க் ஆட்லரும் வெளியிட்ட அந்த நிரல், ஏற்கெனவே வந்துபோன எழுத்துத் தொடர் மீண்டும் வரும்போது, அதைத் திரும்ப எழுதாமல் ‘இத்தனை எழுத்து பின்னே போய், இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்’ என்று குறித்து வைக்கிறது; அப்படிப் பின்னோக்கிப் பார்க்கும் எல்லை 32 கிலோபைட். பிறகு அடிக்கடி வரும் குறிகளுக்குக் குறைந்த பிட்டுகளையும் அரிதாக வருபவற்றுக்கு அதிக பிட்டுகளையும் ஒதுக்குகிறது. மீட்கும்போது ஒரு பைட்டும் குறையாது. எதுவும் இழக்கப்படாத ஒன்றைச் ‘சுருக்கம்’ என்று அழைத்தால், கருவியின் மீது பயனர் வைக்க வேண்டிய நம்பிக்கையையே சொல் குலைத்துவிடும்.

‘அமுக்கிய’ என்பதைச் சென்ற மடலில் நண்பரொருவர் முன்வைத்திருந்தார். அதற்கு இரண்டு தடைகள் உள்ளன. இலங்கைப் பாடநூல்களில் ‘அமுக்கம்’ என்பது தமிழ்நாட்டார் ‘அழுத்தம்’ என்று எழுதும் இயற்பியல் அளவைக் குறிக்கும். அங்குள்ள மாணவருக்கு ‘அமுக்க விகிதம்’ என்ற தொடர் வேறொரு பாடத்தை நினைவூட்டும். இரண்டாவது தடை இந்த விளக்கத்துக்குள்ளேயே இருக்கிறது: வெளியேறக் ‘கியூ’ விசையை அமுக்குக என்றும், அமுக்கிய கோப்பைக் காண்க என்றும் அடுத்தடுத்த வரிகளில் எழுத நேரும்.

ஆகவே நான் பரிந்துரைப்பது ‘இறுக்கு’ என்னும் வினை. பஞ்சுப் பொதியை இறுக்கிக் கட்டுகிறோம். பஞ்சு குறைவதில்லை, அது அடைக்கும் இடம்தான் குறைகிறது. இறுக்கு, இறுக்கிய கோப்பு, இறுக்க விகிதம் எனச் சொற்குடும்பம் எளிதாக விரிகிறது. எதிர்வினைக்குத் ‘தளர்த்து’ ஆயத்தமாக நிற்கிறது. ‘மன இறுக்கம்’ என்ற வழக்கு இதனோடு மோதும் என்று எனக்குத் தோன்றவில்லை, ஏனெனில் அது எப்போதும் ‘மன’ என்ற முன்னொட்டோடுதான் வருகிறது. ‘இறுக்குரை’ என்று வினைத்தொகையாக்கலாமே என்று கேட்கக்கூடும். அழகான வடிவம்தான். ஆனால் வினைத்தொகையில் காலம் மறைந்திருக்கும். இங்கோ இறுக்கும் செயல் முன்பே முடிந்துவிட்டது என்பது பயனருக்குத் தெரிந்தாக வேண்டும். எனவே ‘இறுக்கிய உரை’ என்ற இறந்தகாலப் பெயரெச்சத்தையே விரும்புகிறேன்.

இதை நான் வற்புறுத்துவதற்கு ஒரு பட்டறிவும் காரணம். பயிற்சி வகுப்பொன்றில் மாணவர் ஒருவர் வழங்கியின் (சர்வர்) பழைய பதிவுக் கோப்பைப் பார்க்க முயன்றார். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகள் இயங்கும் வழங்கிகளில் லாக்ரொட்டேட் என்னும் நிரல் பழைய பதிவுகளை ஜிஸிப் கொண்டு இறுக்கி வைப்பதால், கோப்பை அப்படியே திரையில் கொட்டும் கேட் கட்டளைக்குத் திரை முழுதும் புரியாக் குறிகளே வந்தன. உடனே அவர் கன்ஸிப்பை இயக்கினார். அது கோப்பை வட்டிலேயே தளர்த்தி, முடிந்ததும் இறுக்கிய படியை நீக்கிவிடும் கட்டளை. வட்டு ஏற்கெனவே நிரம்பும் நிலையில் இருந்ததால் வேலை பாதியில் நின்றது. இஸட்லெஸ் என்றால் என்ன என்று அவருக்குக் கொடுத்திருந்த தமிழ்க் குறிப்பில் ‘கோப்பை விரித்துக் காட்டும்’ என்று எழுதியிருந்தோம்; இரண்டு கட்டளைகளும் ஒரே வேலையைச் செய்வன என்று அவர் கொண்டதில் பிழையில்லை. இஸட்லெஸ் ஒரு சிறிய ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளைக் கோத்து எழுதிய குறுநிரல். உரையைத் திரை திரையாகக் காட்டும் லெஸ் என்னும் கட்டளை, கோப்பைத் திறக்குமுன் ஜிஸிப் வழியாக உள்ளடக்கத்தைப் பெற்றுக்கொள்ளுமாறு, நிரல்களுக்கு அமைப்பைத் தெரிவிக்கும் ‘லெஸ்ஓப்பன்’ என்னும் சூழல் மாறியை அமைத்துவிட்டு, லெஸ்ஸை அழைப்பதே அதன் வேலை. வட்டில் உள்ள கோப்பு இறுகியபடியே இருக்கும். ஆகையால் விளக்கவரியில் ‘விரி’, ‘தளர்த்து’ ஆகிய வினைகள் வரவே கூடாது.

இனி பேஜர். தகவல் விளிக்கும் பழைய கையடக்கக் கருவிக்கும் இதே ஆங்கிலப் பெயர்தான் என்பதால் ஒலிபெயர்ப்பு உதவாது. ‘பக்கநோக்கி’ தொலைநோக்கியை ஒட்டி அமைந்ததுதான் என்றாலும், தொடரில் ‘அந்தப் பக்கம் நோக்கி’ என்ற பொருளே முந்திக்கொண்டு வருகிறது. ‘பக்கப்புரட்டி’யில் செயல் தெளிவாக இருக்கிறது; ஆனால் ‘பொய்யும் புரட்டும்’ என்று வழங்கும் மொழியில் அச்சொல்லை ஒரு கருவியின் பெயராக்க எனக்கு மனம் வரவில்லை. திசைகாட்டி, வழிகாட்டி வரிசையில் ‘பக்கங்காட்டி’ இயல்பாக அமர்கிறது. மரங்கொத்தியில் மகரம் ஙகரமானது போலவே இங்கும் திரிந்துள்ளது.

கருவி காட்டுவது பக்கத்தை அன்று, திரையளவை என்ற மறுப்பு நியாயமானதே. சன்னலை உயரமாக்கினால் ‘பக்கமும்’ நீள்கிறது. இருப்பினும் 1978-இல் பெர்க்லியில் டேனியல் ஹால்பர்ட் எழுதிய ‘மோர்’ என்னும் நிரல் முதலாக, மார்க் நூடல்மன் 1985-இல் வெளியிட்ட லெஸ் ஈறாக, இவ்வகைக் கருவிகள் அனைத்தும் ஒரு திரை நிறைந்ததும் நின்று, படிப்பவர் விசையைத் தட்டும்வரை காத்திருக்கின்றன. அந்த நிறுத்தத்தைத் தமிழில் ‘பக்கம்’ என்ற சொல்லே எளிதில் உணர்த்துகிறது. கட்டளைப் பெயர்களை மொழிபெயர்க்கத் தேவையில்லை. அவை விசைப்பலகையில் உள்ளவாறே தட்டப்பட வேண்டியவை.

மூலத்தில் உள்ள ‘எதிர்மின்கதிர்க் குழாய்த் திரை’யை, கட்டளைகளைத் தட்டும் சன்னலைக் குறிக்கும் ‘முனையம்’ என்று மாற்றுகிறேன். உள்ளீட்டை வாங்கிக் கடத்தும் நிரலைக் குறிக்கும் ‘வடிகட்டி’யை விட்டுவிடுகிறேன், வெளியீடு முனையத்துக்குப் போகாதபோது லெஸ் உள்ளடக்கத்தை நிறுத்தாமல் கடத்திவிடும் என்பது உண்மையே, ஆனால் அதை விளக்கவரி சுமக்க வேண்டியதில்லை.

நான் சேர்க்க விரும்பும் வரி இது: ‘இஸட்லெஸ் – இறுக்கிய உரைக்கோப்புகளை முனையத்தில் பக்கம் பக்கமாகப் படிக்க உதவும் பக்கங்காட்டி.’ ‘பக்கம்’ இருமுறைக்கு மேல் வருவது காதுக்குச் சற்று உறுத்துகிறது. செம்மையான மாற்று இருந்தால் தெரிவியுங்கள். இலங்கை நண்பர்கள் ‘இறுக்கம்’ தங்கள் பாடநூல் வழக்கில் வேறு எதையேனும் குறிக்கிறதா என்று பார்த்துச் சொன்னால், அதன் பிறகே கோப்பில் பதிவேன்.