புதுப்பிப்பு: மூச்சை அடக்கி அம்மா கதிர்வீச்சு சிகிச்சையை முடித்துவிட்டார்

போன மாதம் கேட்டிருந்தேன்: அம்மாவுக்கு இடது மார்பகத்தில் கதிர்வீச்சு சிகிச்சை, மூச்சை இழுத்து அடக்கச் சொல்கிறார்கள், 70 வயதில் முடியுமா என்று. முடிந்தது. நேற்றோடு 15 தடவையும் நிறைவு.

நுரையீரல் விரிந்தால் இதயம் மார்புச் சுவரைவிட்டு விலகும். இதயத்தில் படும் கதிர் குறையும். பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டில் தினமும் 20 விநாடி பழகினோம், நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவேன். இங்கே அப்படிப் பழகச் சொன்ன அக்காவுக்கு நன்றி. சிகிச்சை அறையில் மார்பின் உயரத்தைக் கேமரா பார்த்துக்கொண்டே இருக்கிறது. அளவு மாறினால் கதிர் நின்றுவிடும். அது தெரிந்ததும்தான் அம்மாவுக்குப் பயம் போனது.

அப்புறம், கைகளைத் தலைக்கு மேல் வைத்துப் படுப்பதுதான் பெரிய பாடு. தோள்வலி இருந்தால் சிகிச்சையைத் திட்டமிட எடுக்கும் சிடி ஸ்கேனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அன்று படுத்த அதே நிலையில்தான் கடைசிவரை படுக்க வேண்டும்.