ஐகானுக்குச் சான்று தேடியபோது

பைத்தான் நிரலாக்க மொழியைப் பற்றி விக்கிப்பீடியாவில் எழுதினால் சான்றுக்கு அலைய வேண்டியதில்லை. நான் எடுத்துக்கொண்டது ஐகான். பெல் ஆய்வகத்தில் ஸ்னோபால் மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான ரால்ஃப் கிரிஸ்வால்ட், பிறகு அரிசோனா பல்கலைக்கழகத்தில் 1977 வாக்கில் கொண்டுவந்த நிரலாக்க மொழி அது.

வரைவை மணல்தொட்டியில் (விக்கியில் எழுதிப் பார்க்கும் பக்கம்) போட்டதும் பேச்சுப் பக்கத்தில் ஒருவர் கேட்டார்: "வணக்கம், எல்லாச் சான்றும் கிரிஸ்வால்ட் எழுதியதாகவே இருக்கிறதே, வெளியாள் யாரும் எழுதவில்லையா?" நியாயமான கேள்வி. மொழியின் நூலை எழுதியவர்கள் அவரும் அவர் மனைவி மேட்ஜும். 1993-இல் அதன் வரலாற்றை எழுதியவர்களும் அவர்களே. தகவலுக்கு இவை போதும். குறிப்பிடத்தக்கமையை, அதாவது வெளியார் கவனித்து எழுதும் அளவுக்குப் பொருள் முக்கியமானது என்பதை, காட்டப் போதாது. 2011-இல் நெமர்லே, ஆலிஸ் எம்எல் என்ற நிரலாக்க மொழிகளின் கட்டுரைகளை நீக்குவதா என்று ஆங்கில விக்கியில் நடந்த சண்டையும் இதே விஷயத்தில்தான்.

ஐகான் என்று மட்டும் தேடினால் திரையில் இருக்கும் குட்டிப் படங்கள்தான் வரிசையாக வரும். கூடவே ஸ்னோபால் என்றும் போட்டால் கொஞ்சம் தேறும். அதைவிட நல்ல வழி, இந்த மொழியிடம் கடன் வாங்கியவர்களைப் பிடிப்பது. பைத்தானில் ஜெனரேட்டர் (மதிப்புகளைக் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் தருவது) கொண்டுவர 2001-இல் எழுதப்பட்ட முன்மொழிவு, ஒவ்வொரு கோவையும் (expression) ஜெனரேட்டராக இருக்கும் மொழி என்று ஐகானைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அப்புறம், நிரலாக்க மொழிகளை ஒப்பிடும் பாடநூல்களின் பின்பக்கச் சொல்லடைவு. அங்கே ஐகான் இருந்தால் அரைப் பக்கமாவது கிடைக்கும்.

வரைவில் இருந்த செயற்கூறுப் (function) பட்டியலை எடுத்துவிட்டு ஒரே ஓர் எடுத்துக்காட்டை வைத்தேன். '3 முதல் 10 வரை' என்ற கோவையை வலப்பக்கம் வைத்து '5 அதைவிடச் சிறியதா' என்று ஒப்பிட்டால் ஐகான் உண்மை, பொய் என்று பதில் சொல்லாது. 3 தோற்கும், 4 தோற்கும், 5-உம் தோற்கும்; அடுத்த மதிப்பை அதுவே கேட்டு வாங்கி, 6 வந்ததும் அந்த 6-ஐயே விடையாகத் தரும். மடக்கு (loop) எதுவும் எழுத வேண்டாம். முப்பது செயற்கூறுகளின் பெயரைப் படிப்பவருக்குக் கிடைக்காத விளக்கம் இது.

ஓய்வுக்குப் பிறகு கிரிஸ்வால்ட் நெசவு வடிவங்களின் கணிதத்தில் இறங்கிவிட்டார். ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் அதை மொழிக் கட்டுரையில் சேர்க்கவில்லை. அவரைப் பற்றித் தனியாக எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம். ஐகானிலிருந்து கிளைத்த யூனிகானை யாராவது எடுத்துக்கொண்டால், நான் சேர்த்து வைத்திருக்கும் இணைப்புகளைத் தருகிறேன்.