ஜெபப் புத்தகத்துல இருந்த பேப்பர் துண்டு: எந்த வருஷம்னு எப்படிக் கண்டுபிடிக்க?

பாலக்கரைப் பொண்ணு:

திருச்சியில இருந்து வந்து அயர்லாந்துல கார்க் ஊர்ல நர்ஸா இருக்கேன். வீட்டுக்காரர் இந்த ஊர்க்காரர். மாமியாருக்கு 84 வயசு. அவங்க அப்பாவழித் தாத்தா ஸ்கிபரீன் பக்கத்து விவசாயி. அமெரிக்கா போய் அங்கேயே செத்துட்டார்னுதான் குடும்பத்துல பேச்சு. மாமியாரோட அப்பா அப்போ கைக்குழந்தை, அவருக்கும் ஒண்ணும் தெரியாது.

ஆதாரம்னு இருக்கிறது நியூஸ் பேப்பர்ல வந்த மரண அறிவிப்பை வெட்டின ஒரே ஒரு துண்டு. பாட்டி (அந்தத் தாத்தாவோட மனைவி) ஜெபப் புத்தகத்துக்குள்ள வச்சிருந்தாங்களாம். தீப்பெட்டி அகலம்கூட இல்ல, டிகாஷன் நிறம், தொட்டாப் பொடிஞ்சிடும் போல. எந்தப் பேப்பர், என்ன வருஷம், எதுவும் கிடையாது. மெக்கார்த்தினு பேர் இருக்கு. "14ஆம் தேதி அல்ட்., தன் இல்லத்தில்"னு இருக்கு. ஊர்ப் பேர்ல "கில்" வரைக்கும்தான் மிச்சம், மீதியைப் பூச்சி தின்னுடுச்சு. கடைசி வரி: "அமெரிக்கன் பேப்பர்ஸ் ப்ளீஸ் காப்பி."

மாமியார் அந்தக் கடைசி வரியை விரலால தட்டித் தட்டிக் காட்டுறாங்க, "பாரு, அமெரிக்கா". நானும் மூணு மாசமா பாஸ்டன், நியூயார்க்னு தேடிட்டேன். பணம் கட்டிப் பழைய பேப்பர் தேடுற தளத்துல மெக்கார்த்தினு போட்டா மூட்டை மூட்டையாக் கொட்டுது. யாராவது வழி சொல்லுங்களேன்.

மைக்ரோஃபிலிம் மாமா:

தங்கச்சி, முதல்ல அமெரிக்காவை விடுங்க. "அமெரிக்கப் பத்திரிகைகளும் இதை எடுத்துப் போடவும்"னு கேட்டுக்கிற வரி அது. இங்க செத்தவருக்கு அங்க அண்ணன் தம்பி, பிள்ளைங்க இருந்தா சேதி போய்ச் சேரட்டும்னு போடுறது. ஆள் அயர்லாந்துலதான் செத்திருக்கார். "கில்"லும் அதைத்தான் சொல்லுது. பெரும்பாலும் மாதா கோயிலைக் குறிக்கிற சொல். நம்ம ஊர்ல பட்டி, பாளையம் மாதிரி அங்க தடுக்கி விழுந்தா ஒரு கில். "அல்ட்."னா போன மாசம். பேப்பர் பிப்ரவரினா சாவு ஜனவரி. இதை மறந்துட்டுத் தப்பான மாசத்து மைக்ரோஃபிலிமை (பழைய பேப்பரைப் படமெடுத்து வச்ச ரீல்) நான் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்திருக்கேன்.

பேரை வச்சுத் தேடினா தேறாது. அந்தக் கால அச்சுக்காரங்க எம் எழுத்துப் போட்டு, தலைக்கு மேல ஒரு கொக்கி வச்சு, அப்புறம் "கார்த்தி"னு அடுக்குவாங்க. கம்ப்யூட்டர் அந்தக் கொக்கியை என்னென்னமோவாப் படிக்கும். ஊர்ப் பேர் முழுசா இருந்தா அதைப் போட்டுத் தேடலாம். டவுன்லேண்ட்னு சின்னச் சின்ன நிலப் பிரிவு நாடு முழுக்க 60,000க்கு மேல இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் பேர் உண்டு. உங்களுக்குப் பாதிதான் கிடைச்சிருக்கு.

அது சரி, துண்டோட முதுகுப் பக்கத்தைப் பார்த்தீங்களா?

பாலக்கரைப் பொண்ணு:

ஐயோ, இல்ல! மாமியார் அதை ஒரு அட்டையில ஒட்டி வச்சிருந்தாங்க. நேத்து ஈரப் பஞ்சு வச்சு ஓரமா மெல்லப் பிரிச்சேன் (காயக் கட்டுப் பிரிக்கிற கை, உதவுச்சு). பின்னாடி ஏதோ விளம்பரம். "குயின்ஸ்டவுன்"னு ஒரு வரி. கீழ "ஜெர்மானிக்". அதுக்கும் கீழ "...ஜெஸ்டிக்".

டப்ளின்வாசி:

அடிச்சீங்க! வொயிட் ஸ்டார்ங்கிற கப்பல் கம்பெனி விளம்பரம். இன்னைக்குக் கோவ்னு சொல்ற துறைமுகத்துக்கு அப்போ குயின்ஸ்டவுன்னு பேர். மெஜஸ்டிக் முதல் பயணம் 1890ல. ஜெர்மானிக் அந்தக் கம்பெனியில இருந்தது 1904 வரைக்கும்தான். ஆக 1890க்கும் 1904க்கும் நடுவுல.

இன்னும் சுருக்கலாம். 1901 மார்ச் 31 ராத்திரி எடுத்த சென்சஸ், தேசிய ஆவணக் காப்பகத் தளத்துல இலவசம். பாட்டி பேருக்கு நேரா "விதவை"னு இருக்கானு பாருங்க. அதுக்கு முந்தின சென்சஸைத் தேடிப் போகாதீங்க. 1922ல டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ்ங்கிற கோர்ட் வளாகம் எரிஞ்சப்போ அங்க இருந்த ஆவணம் எல்லாம் போச்சுன்னு ஊரே ஒப்பாரி வைக்கும். அதுல போனது 1821-1851தான். 1861, 1871 ரெண்டையும் அரசாங்கமே அழிச்சது, 1881, 1891 ரெண்டும் முதல் உலகப் போர் சமயத்துல காகிதக் கூழாப் போச்சு. தீயை விடக் குமாஸ்தா பண்ண சேதம் ஜாஸ்தினு நான் சொன்னா யாரும் ஒத்துக்க மாட்டாங்க.

சாவுப் பதிவு 1864ல இருந்து உண்டு. ஐரிஷ் ஜீனியாலஜிங்கிற அரசுத் தளத்துல பக்கத்தையே படமாப் பார்க்கலாம், காசு வேண்டாம். உங்க கையில "14" இருக்கு, அதுதான் சாவி.

மைக்ரோஃபிலிம் மாமா:

தேதி கிடைச்சதும் கார்க்ல கிராண்ட் பரேட் தெரு நூலகத்துல கார்க் எக்ஸாமினர் பேப்பரோட ரீலைக் கேளுங்க. சதர்ன் ஸ்டாரும் பாருங்க, 1889ல ஆரம்பிச்சது. ஸ்கிபரீன் ஈகிளையும் விடாதீங்க. ரஷ்ய ஜார் மேல எங்க கண்ணு இருக்குனு எழுதின பேப்பர் அது! ஜார் மேலயே கண்ணு வச்சவங்க பக்கத்து ஊர் மெக்கார்த்தியை விட்டிருப்பாங்களா?

பாலக்கரைப் பொண்ணு:

கிடைச்சுடுச்சு! 1901ல பாட்டி விதவைதான், வீட்டுல பத்து வயசுப் பையன். சாவுப் பதிவுல அதே பேர்ல 19 பேர் வந்தாங்க, 14ஆம் தேதி செத்தவர் ஒருத்தர்தான். 1893 ஜனவரி, மூச்சுக்குழல் அழற்சி. உடனிருந்தவர் மனைவி, கையெழுத்து இருக்க வேண்டிய இடத்துல ஒரு பெருக்கல் குறி. படிக்கத் தெரியாதவங்க அந்தத் துண்டை அத்தனை வருஷம் பத்திரமா வச்சிருந்திருக்காங்க.

பிப்ரவரி ரீல்ல அச்சு அசல் அதே வரிகள். பூச்சி தின்ன ஊர்ப் பேரும் முழுசா இருந்தது. மாமியார் பிறந்த வீட்டுல இருந்து ரெண்டு மைல். அவங்க ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் துண்டை வாங்கிப் பழைய பக்கத்துலயே வச்சுட்டு, டீ போடச் சொன்னாங்க.

இப்போ புதுத் தலைவலி. அந்த ஊர்ப் பேரைப் போட்டு மேல தேடினதுல உள்ளூர் கோர்ட் செய்தி ஒண்ணு மாட்டுச்சு: 1889ல கழுதையைப் பொது ரோட்டுல திரிய விட்டதுக்குத் தாத்தாவுக்கு அபராதம். மாமியார்கிட்ட சொல்லலாமா, வேண்டாமா?

மைக்ரோஃபிலிம் மாமா:

கண்டிப்பாச் சொல்லுங்க. ஆனா டீ குடிச்சு முடிக்கட்டும்.