மறு: ரோமன் எண்களில் முன்னே நின்று கழிக்கும் எழுத்துக்குப் பெயர்

அனுப்புநர்: மாலை வகுப்பு ஆசிரியை, ரோஸ் ஹில்

> 'முன்குறை' என்று வைத்துக்கொள்ளலாம். சிறிய எழுத்து முன்னால் வந்தால் மதிப்புக் குறைகிறது. சொல்லும் சின்னது.

ஐயா, வணக்கம். சொல் சின்னது, சரி. ஆனால் முதற்குறை, இடைக்குறை, கடைக்குறை என்று இலக்கணத்தில் ஏற்கெனவே மூன்று உட்கார்ந்திருக்கின்றன. அங்கே குறைவது எழுத்து; தாமரை 'மரை' ஆகிறது. ரோமன் எண்ணில் எந்த எழுத்தும் விழுவதில்லை, மதிப்பைத்தான் கழிக்கிறோம். இரண்டையும் படிக்கிற பிள்ளை 'முன்குறை' என்றதும் எழுத்து எங்கே போயிற்று என்று தேடும். போதாததற்குக் கோயிலில் சாமியிடம் சொல்வதும் குறைதான்.

இன்னொருவர் சொன்ன 'கழித்தல் குறி'யும் வேண்டாம். அது இரண்டு எண்ணுக்கு நடுவில் போடும் சிறு கோடு. அதை எடுத்தால் கணக்கு வாத்தியார்கள் சண்டைக்கு வருவார்கள்.

(ரோமன் எழுத்துகளை இங்கே பெயராலேயே எழுதுகிறேன்: ஐ ஒன்று, வி ஐந்து, எக்ஸ் பத்து, எல் ஐம்பது, சி நூறு, டி ஐந்நூறு, எம் ஆயிரம். 'ஐ' ஒன்றா, அப்படியானால் ஐவர் எத்தனை பேர் என்று வகுப்பில் கேட்காத பிள்ளை இல்லை.)

நான் சொல்ல வந்தது 'முன்கழி'. அதற்கு இணையாகப் 'பின்கூட்டு'. காரணம் ஓசை அல்ல, நம் பழைய எண்கள். ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ௰௨ என்றால் பன்னிரண்டு, ௨௰ என்றால் இருபது. சிறிய எண் பின்னால் வந்தால் கூட்டுகிறோம், முன்னால் வந்தால் பெருக்குகிறோம். ரோமானியர்களும் பின்னால் வந்தால் கூட்டினார்கள்: எக்ஸ்-ஐ பதினொன்று. முன்னால் வந்தால்தான் வழி பிரிகிறது: ஐ-எக்ஸ் ஒன்பது. எங்கள் வகுப்பில் தமிழ் எண்ணையும் ரோமன் எண்ணையும் அடுத்தடுத்துச் சொல்லித்தருகிறோம், அதனால் 'முன்' என்பது மட்டும் போதாது. முன்னால் நின்று என்ன செய்கிறது என்பதைச் சொல்லே சொல்லிவிட வேண்டும். முன்பெருக்கு, முன்கழி, பின்கூட்டு. மூன்றும் ஏவல் வடிவம். பிள்ளை சொல்லைச் சொன்னால் செய்ய வேண்டியது கையில் வந்துவிடும்.

இங்கே இதற்கு என்ன அவசரம் என்று சென்னை நண்பர் கேட்டிருந்தார். மொரீஷியஸில் பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள், கணக்கை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள், அப்புறம் பிரெஞ்சுப் பாடம். பிரெஞ்சுப் புத்தகத்தில் நூற்றாண்டு என்றாலே ரோமன் எண்தான். அரசர் பெயருக்குப் பின்னாலும் அதுவே. போர்ட் லூயிஸ் என்ற பெயரே பதினைந்தாம் லூயியைக் குறித்தது. பிரெஞ்சில் அவரை 'லூயி பதினைந்து' என்று வாசிப்பார்கள். தமிழில் எண் முன்னால் வந்து 'ஆம்' சேர வேண்டும். தமிழ் வகுப்புக்கு வந்து "லூயி பதினைந்து" என்று எழுதுகிற பிள்ளையை நான் திட்டுவதில்லை, அது வேறு மொழியின் பழக்கம்.

தீவின் வரலாற்று ஆண்டுகளை வைத்தே பயிற்சித்தாள் தயாரிக்கிறேன். லபூர்தொன்னே ஆளுநராக வந்த 1735: எம், டி, சி, சி, எக்ஸ், எக்ஸ், எக்ஸ், வி. முழுக்கப் பின்கூட்டு. ஆங்கிலேயர் தீவைப் பிடித்த 1810-ம் அப்படியே: எம், டி, சி, சி, சி, எக்ஸ். ஒப்பந்தக் கூலிகள் வரத் தொடங்கிய 1834-இல் கடைசியில் ஒரு முன்கழி வந்துவிடுகிறது: எம், டி, சி, சி, சி, எக்ஸ், எக்ஸ், எக்ஸ், ஐ-வி. சுதந்திரம் 1968: எம், சி-எம், எல், எக்ஸ், வி, ஐ, ஐ, ஐ. குடியரசு 1992: எம், சி-எம், எக்ஸ்-சி, ஐ, ஐ. இந்த ஐந்தையும் எழுதத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கடைசியில் வரும் 1992-ஐத் தமிழில் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டு. தொள்ளாயிரத்தில் ஆயிரம் இருக்கிறது, ஆனால் ஆயிரத்தை இன்னும் எட்டவில்லை. தொண்ணூற்றில் நூறு இருக்கிறது, நூறு ஆகவில்லை. சி-எம்மும் எக்ஸ்-சியும் அதே காரியம்தான். மேலே உள்ள எண்ணைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்குவது நம் நாக்குக்குப் பழகியது, எழுத்தில் மட்டும்தான் புதிது. நாற்பது, நானூற்றில் இந்த வழி இல்லை. எக்ஸ்-எல், சி-டி இரண்டையும் தனியாகத்தான் சொல்லித்தர வேண்டும், பிள்ளைகள் தடுக்குவதும் அங்கேதான்.

மொத்தம் ஆறே முன்கழிகள்: 4, 9, 40, 90, 400, 900. முன்னே நிற்கும் உரிமை ஐ, எக்ஸ், சி மூன்றுக்கு மட்டும், அதுவும் அடுத்த இரண்டு படிக்குள். அதனால் 49-க்கு ஐ-எல் என்று குறுக்குவழி கிடையாது. எக்ஸ்-எல், ஐ-எக்ஸ் என்று நாற்பதையும் ஒன்பதையும் தனித்தனியே எழுதித்தான் ஆக வேண்டும். 99-க்கும் அப்படியே எக்ஸ்-சி, ஐ-எக்ஸ்.

எது முன்னால், எது பின்னால் என்பது சின்ன விஷயம் இல்லை என்று இந்தத் தீவுக்குச் சொல்லத் தேவையில்லை. 1998-இல் வந்த ரூபாய் நோட்டில் தமிழும் இந்தியும் இடம் மாறியதால் எழுந்த எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள்.

---

அனுப்புநர்: முன்குறை சொன்னவர், போர்ட் லூயிஸ்

அம்மா, முதற்குறை பற்றிச் சொன்னது ஞாயம். ஆனால் கழி என்றால் கம்பும்தானே? உப்பங்கழியும் உண்டு. அப்புறம் ஒரு கேள்வி: பழைய கடிகாரத்தில் நான்குக்கு நாலு கோடு போட்டிருக்கிறதே, அது பிழையா?

---

அனுப்புநர்: மாலை வகுப்பு ஆசிரியை, ரோஸ் ஹில்

ஐயா, கழி கம்பாக இருக்கட்டும். பக்கத்தில் பின்கூட்டு நிற்கும்போது அதைக் கம்பு என்று யாரும் படிக்கமாட்டார்கள். கூட்டும் தனியாக இருந்தால் பூசணிக்காய்க் கூட்டுதான்.

கடிகாரத்தில் இருப்பது பிழை இல்லை. அது நான்கின் பின்கூட்டு வடிவம். பழங்கால ரோமானியர்கள் இரண்டையும் எழுதினார்கள். ரோமில் கொலோசியத்தின் 44-ஆம் வாசலில் நாற்பதுக்கு எக்ஸ்-எல், நான்குக்கு நாலு ஐ. ஒரே எண்ணில் முன்பாதி முன்கழி, பின்பாதி பின்கூட்டு. 'குறைந்த வடிவம், நீண்ட வடிவம்' என்று சொல்லிப் பார்த்தால் இந்த வாசலை விளக்கவே முடியாது. லத்தீன் பேச்சில் இன்னும் வேடிக்கை: பதினெட்டை 'இருபதுக்கு இரண்டு குறைய' என்று சொல்லிவிட்டு, எழுதும்போது எக்ஸ், வி, ஐ, ஐ, ஐ என்று கூட்டிக்கொண்டே போனார்கள்.

மாணவர் தாளில் முன்கழி, பின்கூட்டு இரண்டையும் போடுகிறேன். முன்பெருக்கு தமிழ் எண் பாடத்தோடு நிற்கட்டும். 'ரோமன் எண்' என்பதை மாற்றச் சொல்லி வந்த மூன்று அஞ்சல்களுக்கும் பதில் எழுதப்போவதில்லை; அது வழக்கில் நன்றாகவே ஓடுகிறது.

இன்னும் ஒன்று மீதி இருக்கிறது. எழுத்தின் மேல் கோடு போட்டால் மதிப்பு ஆயிரம் மடங்காகும்; வி மேல் கோடு என்றால் ஐயாயிரம். இது இல்லாமல், வகுப்பில் சொல்லித்தரும் விதிப்படி 3999-க்கு மேல் போக வழியில்லை. அதற்கு 'மேற்கோடு' போதுமா, 'ஆயிரக்கோடு' என்று வைப்போமா? எனக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது. தாள் அச்சுக்குப் போகுமுன் சொல்லுங்கள்.