சிற்றலையில் குரல் வந்து வந்து அமுங்குகிறது, என்ன செய்யலாம்?

சத்துவாச்சாரி நேயர்:
வணக்கம். என்னிடம் இருப்பது டெக்சன் பிஎல்-660 ரேடியோ. சாயங்காலம் 31 மீட்டர் அலைவரிசையில் நிலையம் நன்றாகவே எடுக்கிறது. ஆனால் செய்தி வாசிக்கும்போதே குரல் அமுங்கி, கரகரவென்று உடைந்து, அப்புறம் தானாகவே திரும்பி வருகிறது. மொட்டை மாடியில் ஏரியல் கம்பியை இன்னும் நீளமாக இழுத்தால் சரியாகுமா?

குடியாத்தம் பழைய நேயர்:
தம்பி, கம்பி நீளத்தால் இது தீராது. நீளம் கூடினால் இரைச்சலும் சேர்ந்துதான் கூடும். வானில் மிக உயரத்தில் இருந்து சிற்றலையைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலத்தில் ஒருமுறை பட்டு வரும் அலையும், இரண்டுமுறை எகிறி வரும் அலையும் உங்கள் கம்பியில் சந்திக்கின்றன. ஒரு நேரம் சேர்ந்து வலுக்கும், ஒரு நேரம் ஒன்றையொன்று அழித்துவிடும். அந்த மண்டலம் அசைந்துகொண்டே இருப்பதால் குரலும் ஏறி இறங்குகிறது.

குரல் உடைவதற்குக் காரணம், நடுவில் இருக்கும் கேரியர் (பேச்சைச் சுமந்து வரும் அலை) மட்டும் மங்கி, இருபுறமும் உள்ள பேச்சுப் பகுதி மங்காமல் இருப்பது. சிங்க் பட்டனை அழுத்துங்கள்; மங்கிய கேரியருக்குப் பதிலாக ரேடியோவே ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். மங்கல் ஆழமானால் சிங்க் பிடி விட்டு ஊளையிடும். அப்போது எஸ்எஸ்பி (ஒரு பக்கத்துப் பேச்சுப் பகுதியை மட்டும் எடுக்கும் முறை) போட்டு, பைன் டியூன் சக்கரத்தை மெல்லத் திருப்புங்கள். அப்போது கேட்கும் விசில் தடித்துக்கொண்டே வந்து, வெறும் நடுக்கமாகி, அடங்கும் இடத்தில் விட்டுவிடுங்கள். செய்தி கேட்க இதைவிட நல்ல வழி நான் கண்டதில்லை. பாட்டுக்கு அவ்வளவாக ஒட்டாது.

2017 ஏப்ரலோடு நின்றுபோன பிபிசி தமிழோசை வானொலியை நாங்கள் கேட்டதெல்லாம் அலைவரிசை மாற்றி மாற்றித்தான். ஒரே நிகழ்ச்சி வேறு வேறு மீட்டர்களில் வரும். ஒன்றில் மங்கும் நேரத்தில் இன்னொன்றில் நன்றாகக் கேட்கும். உங்கள் நிலையத்துக்கும் இணை அலைவரிசை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

காட்பாடி ஹாம்:
அண்ணன் சொன்னது சரி. இன்னொன்று: ஒரு கம்பியைக் கிடையாகவும் ஒன்றைச் செங்குத்தாகவும் கட்டுங்கள். இரண்டிலும் ஒரே நொடியில் மங்குவது குறைவு.

சத்துவாச்சாரி நேயர்:
சிங்க் போட்டதும் உடைசல் நன்றாகக் குறைந்தது, நன்றி ஐயா. அந்த இரண்டு கம்பியையும் முறுக்கி ஒரே ரேடியோவில் மாட்டலாமா?

காட்பாடி ஹாம்:
வேண்டாம். முறுக்கினால் அது ஒரே ஏரியல்தான், அதிலும் அதே கூட்டல் கழித்தல் நடக்கும். கம்பிக்கு ஒரு ரேடியோ வைத்து, இரண்டையும் ஒரே நிலையத்தில் நிறுத்தி, சத்தத்தைச் சமமாக வையுங்கள். ஒன்று அமுங்கினாலும் மற்றதில் வாக்கியம் விடாது. செங்குத்துக் கம்பியை மட்டும் இரைச்சல் கிளப்பும் எல்இடி பல்பு, இன்வெர்ட்டர் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.