‘டெவஸ்டேட்டிங்’ என்பதற்குப் ‘பாழ்செய்’

அன்புடையீர், வணக்கம்.

‘டெவஸ்டேட்டிங்’ என்ற ஆங்கில உரிச்சொல்லுக்குப் ‘பேரழிவு விளைவிக்கும்’ என்று எழுதிவருகிறோம். ஆனால் அத்தொடர் அழிவின் அளவைத்தான் சொல்கிறது. அழிந்தபின் எஞ்சும் வெறுமையைச் சொல்வதில்லை. அந்த ஆங்கிலச் சொல்லின் வேர், வெறுமையாக்குதல் என்னும் பொருளுடைய ‘வாஸ்டாரே’ என்ற இலத்தீன் வினை. தமிழில் ‘பாழ்’ என்பதற்கும் அழிவு, வெறுமை என்ற இரு பொருளும் உண்டு. ஆகவே ‘பாழ்செய்’ என்பதை முன்மொழிகிறேன்: பாழ்செய் புயல், பாழ்செய் வெள்ளம்.

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்த தானே புயலை வானிலைத் துறை ‘மிகத் தீவிரப் புயல்’ என வகைப்படுத்தியது. அந்த அடைமொழி காற்றின் வேகத்தை அளந்து தரப்படுவது. பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் கொல்லைகளில் அந்தப் புயல் செய்ததைச் சொல்ல அது போதாது. வேரோடு சாய்ந்த பலா மரத்தை அறுத்து வண்டியேற்றிய பிறகு, செம்மண்ணில் ஆள் இறங்கி நிற்குமளவு பள்ளமும் அதன் விளிம்பில் அறுபட்ட வேர்நுனிகளும் மட்டுமே கிடந்தன. அந்த இடத்தில் வைத்த கன்று காய்ப்புக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்த நிலம் அக்குடும்பத்துக்கு ஒன்றும் தராது. இதைத்தான் பாழ் என்கிறேன்.

‘பாழாய்ப் போனவன்’ என்று நம் ஊர்ப் பக்கம் வசைமொழி இருப்பதால் இச்சொல் கலைச்சொல்லாகாது என்று சிலர் கருதக்கூடும். வசை ‘பாழாய்ப் போன’ என்ற தொடரில்தான் ஒட்டியிருக்கிறது. விருந்தோம்புவானின் வாழ்க்கை ‘பருவந்து பாழ்படுதல் இன்று’ (துன்புற்றுப் பாழாவதில்லை) என 83ஆம் குறளில் வரும்போது அதில் வசை இல்லை. பாழ்மனை, பாழ்நிலம் என்று இன்றும் இயல்பாகவே எழுதுகிறோம்.

ஒரு வரம்பு மட்டும் தேவை. ஆங்கிலத்தில் துயரச் செய்திக்கும் எதிராளியை வாயடைக்கும் வாதத்துக்கும் இதே உரிச்சொல் வரும். அங்கெல்லாம் ‘பாழ்செய் செய்தி’ என்று எழுதினால் தமிழ் முறிந்துவிடும். செய்தி கேட்டவர் இடிந்துபோகிறார், எனவே ‘இடியெனத் தாக்கிய செய்தி’ என்பதே பொருந்தும். வாதத்துக்குத் ‘தகர்த்தெறியும்’ போதும். நிலத்துக்கும் ஊருக்கும் வாழ்வாதாரத்துக்கும் நேரும் கேட்டுக்கு மட்டும் ‘பாழ்செய்’ என்று வரையறுத்துப் பேரிடர்க் கலைச்சொற்பட்டியலில் சேர்க்கலாம். பெயர்ச்சொல்லுக்குப் ‘பாழ்பாடு’ என்பதைவிட, முன்பே வழக்கிலுள்ள ‘பாழ்படுதல்’ நல்லது என்பது என் கருத்து.